தொட்டியில் இருக்கும் ராட்சத மட்டி எந்த இனம்? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சிங்கப்பூரில் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. நேர் மேலிருந்து எடுத்த படம், அதில் நீலமாக மின்னும் சதை, கூடவே "அண்ணே, இது மாக்சிமாவா குரோசியாவா?" என்று ஒரு வரி (இரண்டும் ராட்சத மட்டி இனங்களின் பெயர்). கடைக்காரர் சொன்ன பெயரை நம்பி இடம் வைத்திருப்பார்கள், விளக்கும் அதற்கேற்ற மாதிரி போட்டிருப்பார்கள், சில வாரம் கழித்து மட்டி பாறையிலிருந்து விழும் அல்லது வாய் திறந்தபடியே கிடக்கும், உடனே நோய் என்று பயந்து மருந்து தேடுவார்கள். இப்படி வருபவற்றில் நிறைய கேஸ்களில் மட்டிக்கு ஒன்றுமே இல்லை, பெயர்தான் தப்பு.

பெயர் தப்பாவதற்கும் காரணம் ஒன்றுதான்: நிறத்தை வைத்து முடிவு செய்வது. ஓட்டுக்கு வெளியே விரியும் வண்ணச் சதையை (மேன்டில் என்போம்) வைத்து இனம் சொல்ல முடிவது ஒன்றிரண்டு கேஸில்தான். ஓடு, அடித்துளை, நீர் இழுக்கும் வாய், இந்த மூன்றையும் பார்க்காமல் யாராவது பெயர் சொன்னால் அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## எதற்கும் முன்னால்: மூன்று படம் எடுங்கள்

ஓட்டின் பக்கவாட்டுப் படம். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே எடுக்கலாம். ஓட்டு மடிப்புகளும் அதன் மேல் அடுக்கடுக்காக நிற்கும் செதில்களும் தெரிய வேண்டும். நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே ஊதாவாகத்தான் தெரியும்.

மேன்டிலின் நடுப்பகுதி. பம்பை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மேன்டிலில் இரண்டு திறப்பு தெரியும். குழாய் போல எழும்பி நிற்பது நீரை வெளியே விடும் வாய். நீளமான கீறல் போல இருப்பது நீரை உள்ளே இழுப்பது, கீழே "உள்வாய்" என்று நான் சொல்வது இதைத்தான். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன உணர்கொம்புகள் இருக்கின்றனவா, இருந்தால் கிளை விட்டிருக்கின்றனவா என்று தெரிகிற மாதிரி எடுங்கள்.

அடித்துளை. கீல் இருக்கும் பக்கமாக ஓட்டின் அடியில் இரண்டு ஓட்டுக்கும் நடுவே ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் மட்டி நாரை விட்டுப் பாறையைப் பற்றும். மணலிலோ கையளவு கல்லிலோ இருந்தால் நீருக்குள்ளேயே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பாறையைப் பற்றியிருந்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். நார் வேரோடு பிய்ந்தால் உள்ளே இருக்கும் சுரப்பியும் கிழியும், அதிலிருந்து மீளாமல் செத்துப்போன மட்டிகள் ஏராளம். இந்தப் படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மற்ற இரண்டை வைத்துச் சமாளிப்போம்.

## அறிகுறி 1: மாக்சிமாவா, குரோசியாவா, குழப்பமாக இருக்கிறது

அதிகம் வரும் கேஸ் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டுமே பளிச்சென்ற நீலம், பச்சை, ஊதா, தங்க நிறங்களில் வரும், இரண்டுமே பாறைவாசிகள், குட்டியாக இருக்கும்போது அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

அளவு. செலவில்லாத சோதனை. குரோசியா ராட்சத மட்டிகளிலேயே சின்னது, சுமார் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். ஓட்டின் நீளம் 18, 20 என்று போனால் அது குரோசியா இல்லை, விவாதமே வேண்டாம். மாக்சிமா 30 செ.மீ.யைத் தாண்டியும் வளரும். ஆனால் கடையில் வருவது பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. அளவில் என்பதால் இந்தச் சோதனை பாதி நேரம் கைகொடுக்காது.

ஓட்டின் வடிவம். பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். கீலுக்கு அருகே ஓடு புடைத்து ஒரு மூக்கு மாதிரி நிற்கும். மாக்சிமாவில் அந்த மூக்கு நடுவில் இருக்காது, ஓடு ஒரு பக்கமாக நீண்டு போயிருக்கும். குரோசியாவில் மூக்குக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக, முட்டை வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பெரும்பாலும் இதிலேயே விடை வந்துவிடும்.

அடித்துளை. குரோசியாவின் துளை அதன் உடம்பு அளவுக்கு மிகப் பெரியது, அகலமாக வாய் பிளந்த மாதிரி இருக்கும். அது பாறையைக் குடைந்து உள்ளே உட்காரும் இனம், அதற்கு இவ்வளவு பெரிய துளை தேவை. மாக்சிமாவிலும் துளை உண்டு, நன்றாகவே தெரியும், ஆனால் இந்த அகலம் இருக்காது.

செதில்கள். மாக்சிமாவில் குட்டையான செதில்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கும். குரோசியாவில் அவை பாறையில் உரசித் தேய்ந்துபோய், மேல் விளிம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கடலிலிருந்து எடுத்த குரோசியாவுக்கு இது சரி. பண்ணைத் தட்டில் வளர்ந்த குரோசியா எந்தப் பாறையையும் குடையவில்லை, அதனால் செதில் தேயாமலே இருக்கலாம். செதிலை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

மேன்டில் ஓரம். மட்டியின் கண்கள் ஓரத்தில் சின்னக் கரும்புள்ளிகளாக இருக்கும், உங்கள் கை நிழல் பட்டதும் அது சுருங்குவது இவற்றால்தான். மாக்சிமாவில் இவை ஓரம் முழுக்க நெருக்கமாக வரிசை கட்டும். குரோசியாவில் இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

வடிவமும் துளையும் ஒரே பதிலைச் சொன்னால் போதும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு சொன்னால் மூன்று மாதம் வளரவிட்டு மறுபடி படம் எடுங்கள். அதுவரை நஷ்டம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் இரண்டுக்குமே வலுவான வெளிச்சம்தான் வேண்டும், இரண்டையும் பாறை மேல்தான் வைக்க வேண்டும்.

## அறிகுறி 2: மாக்சிமா என்றார்கள், ஆனால் ஓரத்தில் கண்ணீர்த்துளி மாதிரி புள்ளிகள்

மேன்டிலின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு போட்ட துளி வடிவப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா? ஓரக் கண்கள் மாக்சிமா அளவுக்கு நெருக்கமாக இல்லாமல் அங்கங்கே சிதறி இருக்கின்றனவா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் டிரிடாக்னா நோயே. மேன்டில் கோலத்தை நான் நம்புகிற கேஸ் இது ஒன்றுதான்.

1798இலேயே ரோடிங் என்பவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார், ஆனால் பின்னால் வந்தவர்கள் மாக்சிமாவோடு சேர்த்துவிட்டார்கள். 2014இல் தைவான் மட்டிகளின் மரபணுவைப் பார்த்துத்தான் தனி இனம் என்று மறுபடி நிலைநிறுத்தினார்கள். அதனால் பழைய புத்தகங்களில் இதைத் தேடினால் கிடைக்காது, சில கடைகளில் இன்னும் 'துளிப்புள்ளி மாக்சிமா' என்றே விற்கிறார்கள்.

வளர்ப்பில் மாக்சிமாவுக்குச் செய்வதையே செய்யுங்கள். பெயர் மாற்றம் முக்கியமாவது ஆவணத்தில்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## அறிகுறி 3: ஓடு வழவழப்பாக இருக்கிறது, செதிலே இல்லை

செதில் உடைந்திருக்கலாம். ஸ்குவாமோசாவின் செதில்கள் பெரிதாக, இடைவெளி விட்டு, இதழ் விரித்த மாதிரி நிற்கும். பெட்டியில் வரும்போது எளிதில் உடையும். கிட்டப் பார்த்தால் உடைந்த இடத்தில் குறுக்குக் கோடாகத் தழும்பு தெரியும், விளிம்பில் புதிதாக வளர்ந்த செதில் ஒன்றாவது இருக்கும். சந்தேகம் இருந்தால் உள்வாயைப் பாருங்கள். ஸ்குவாமோசாவின் உணர்கொம்புகள் மரம் போலக் கிளை விட்டு எடுப்பாக இருக்கும், செதில் எல்லாம் போனாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

டெராசாவாக இருக்கலாம். ஓடு நிஜமாகவே வழவழப்பு, ஆழமில்லாத அகன்ற மடிப்புகள் ஆறு ஏழு, அடித்துளை சின்னது, உள்வாயில் குட்டிக் குட்டி உணர்கொம்புகள். மேன்டிலில் நீளவாக்கில் அலையலையான கோடுகள், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு இருப்பதும் உண்டு. பலாவ் பண்ணையிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னால் டெராசா என்கிற சந்தேகம் இன்னும் வலுக்கும், பலாவில் பல பத்தாண்டுகளாகப் பெருமளவில் வளர்ப்பது இதைத்தான். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் இனமும் இதுதான். ஆனால் அரை மீட்டர் தாண்டி வளரும் என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிகாஸாக இருக்கலாம். பெயர் தப்பானால் அதிகம் செலவு வைப்பது இதுதான். குட்டியில் இது டெராசாவோடு எளிதில் கலந்துவிடும். மடிப்புகளை எண்ணுங்கள். கிகாஸில் நாலு, ஐந்து, அதிகம் போனால் ஆறு இருக்கும், டெராசாவைவிட ஆழமாக, மேல் விளிம்பில் கூர்மையான முக்கோணங்களாக நீட்டி நிற்கும். உள்வாயில் உணர்கொம்பு கிடையாது, ஓரம் வெறுமனே இருக்கும். மேன்டில் பழுப்பு கலந்த பச்சை, அதில் நீலமோ பச்சையோ மின்னும் வட்டங்கள். ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய இனம் இது, வேகமாகவும் வளரும்.

மாதத்துக்கு ஒருமுறை ஓட்டின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். 'டெராசா' என்று வாங்கியது எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக நீண்டு, மடிப்பும் ஆழமாகிக்கொண்டே போனால் மறுபடி உள்வாயைப் படம் எடுங்கள். கிகாஸ் என்று உறுதியானால், 30 செ.மீ. ஆகும் வரை காத்திருக்காமல் அப்போதே பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ பொது மீன்காட்சியகத்திடமோ பேசத் தொடங்குங்கள். பெரிதான பிறகு தூக்கவே நாலு கை வேண்டும், எடுத்துக்கொள்ளும் இடமும் கிடைப்பது அரிது.

## அறிகுறி 4: மேன்டில் ஓட்டுக்கு வெளியே விரியவே மாட்டேன் என்கிறது

இங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, இல்லை முன்பு விரிந்து இப்போது நின்றதா?

### முதல் நாளிலிருந்தே இப்படித்தான்

அது ஹிப்போபஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேன்டில் ஓட்டு விளிம்பைத் தாண்டி வழிவதில்லை, இயல்பே அப்படி. அடியைத் திருப்பினால் திறந்த துளை இருக்காது, அந்த இடத்தில் இரண்டு ஓடும் பல்லோடு பல் கோத்து மூடியிருக்கும். ஓட்டில் சிவந்த திட்டுகள் இருக்கலாம். இதை ஒன்றும் செய்ய வேண்டாம், மணல் மேல் வையுங்கள், நன்றாக இருக்கும். இதற்கு மருந்து ஊற்றிக் கொன்ற கதைகளைக் கேட்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஹிப்போபஸில் வீட்டுத் தொட்டிக்கு வருபவை இரண்டு. உள்வாயில் உணர்கொம்பு இல்லை, ஓடு தடித்து முரடாக இருக்கிறது என்றால் ஹிப்போபஸ் ஹிப்போபஸ். உணர்கொம்பு இருக்கிறது, ஓடு மெல்லியதாகப் பீங்கான் மாதிரி வழவழக்கிறது என்றால் போர்செலானஸ். இரண்டாவது மிக அரிது, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் குறுகிய பகுதியில்தான் இயற்கையில் உண்டு. யாராவது சல்லிசாக விற்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

### முன்பு விரிந்தது, இப்போது இல்லை

அப்படியென்றால் பிரச்சினை இனத்தில் இல்லை. எளிதானதிலிருந்து ஆரம்பியுங்கள்:

- புது விளக்கு போட்டீர்களா, வெளிச்சத்தைக் கூட்டினீர்களா? பழைய அளவுக்குக் குறைத்து, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள்.
- மீன் கொத்துகிறதா? அறையை இருட்டாக்கித் தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் கவனியுங்கள். ஏஞ்சல் வகை மீன்கள் மேல்தான் முதல் சந்தேகம்.
- தண்ணீரைச் சோதியுங்கள்: உப்பின் அடர்த்தி 1.025 பக்கம், வெப்பம் 25 முதல் 27 டிகிரி, கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., காரத்தன்மை 8, 9 டி.கே.எச். எண் சரியாக இருக்கிறதா என்பதைவிட சமீபத்தில் திடீரென்று மாறியதா என்று பாருங்கள்.
- இரவில் டார்ச் அடித்து ஓட்டு விளிம்பையும் அடித்துளையையும் பாருங்கள். அரிசி மணி அளவில், அதைவிடச் சின்னதாக, வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் அவைதான் இரத்தம் குடிக்கும் பிரமிடெல்லா நத்தைகள். மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்த்து எடுங்கள், பிசின் மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டத்தையும் விடாதீர்கள். ஒருமுறை செய்தால் தீராது, பல வாரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.
- மேன்டில் அங்கங்கே கிள்ளிப் பிடித்த மாதிரி சுருங்கியிருந்தால் அது வேறு நோய், தொற்றக்கூடியது. தொட்டியில் மற்ற மட்டி இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். இதற்கு நன்னீர்க் குளியல் தருவார்கள், ஏற்கெனவே செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

உள்வாய் பெரிதாகப் பிளந்தபடி இருக்கிறது, நிழல் பட்டாலும் மூடவில்லை, சதை ஓட்டிலிருந்து விலகுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அன்றே நீர்வாழ் உயிரினம் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், செத்துவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

## அறிகுறி 5: பாறையில் வைத்தால் விழுகிறது, மணலில் வைத்தால் நகர்கிறது

இன்னும் பற்றவில்லை. புது மட்டி நார் விட்டுப் பற்ற சில நாள் ஆகும். தட்டையான சின்னக் கல்லில் உட்காரவைத்து, நேராக நீரோட்டம் அடிக்காத இடத்தில் விட்டுவிடுங்கள். தினமும் எடுத்து நிமிர்த்திவைப்பதை நிறுத்தினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

இடம் இனத்துக்கு ஒத்துவரவில்லை. டெராசா, கிகாஸ், ஹிப்போபஸ் மூன்றும் மணல்காரர்கள், வளர வளர நாரை விட்டுவிட்டுத் தன் எடையாலேயே உட்காரும். பாறை உச்சியில் வைத்தால் விழத்தான் செய்யும். ஸ்குவாமோசாவுக்கு உடைந்த பவளத் துண்டுகள் நடுவே அடியில் இடம் கொடுங்கள். குரோசியாவையும் மாக்சிமாவையும் வெறும் மணலில் வைத்தால் பற்ற எதுவும் இல்லாமல் தவிக்கும், பெரிய அடித்துளை வழியாகப் புழு, நண்டு எல்லாம் உள்ளே போகும். ஆக இரண்டு முறைக்கு மேல் விழுந்தால் மேலே போய் இனத்தைச் சரிபாருங்கள்.

நார்ச் சுரப்பி கிழிந்திருக்கிறது. இனம் சரி, இடம் சரி, இரண்டு வாரம் ஆகியும் பற்றவில்லை என்றால் இதுதான். அடித்துளையில் கிழிந்த சதை தொங்குகிறதா பாருங்கள். அமைதியான இடத்தில் விடுவதைத் தவிர வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 6: நீலமாக வாங்கினேன், இப்போது பழுப்பு

ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும், அதே மட்டிதான். ஓட்டின் பழைய படமும் புதுப் படமும் ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது. பழுப்பு ஆகாமல் வெளுத்து வெள்ளையானால் மட்டும் வெப்பத்தையும் விளக்கையும் உடனே பாருங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் சேரவில்லை

கலப்பினமாக இருக்கலாம். மாக்சிமா மாதிரி ஒரு பக்கம் நீண்ட ஓடு, ஆனால் ஸ்குவாமோசா மாதிரி பெரிய செதில் என்றால் இரண்டின் கலப்பாக இருக்கக்கூடும். கலப்பு என்றே குறித்துவையுங்கள், ஸ்குவாமோசாவுக்கும் மாக்சிமாவுக்கும் நடுவே வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள்.

அரிய இனம் என்று சொல்லி விற்றிருக்கலாம். செங்கடலின் ஸ்குவாமோசினா, பிஜி, டோங்கா பக்கத்து ம்பலவுவானா போன்றவை சாதாரணமாகக் கடைக்கு வருவதில்லை. அப்படிச் சொல்லி அதிக விலை கேட்டால் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ராட்சத மட்டி இனங்கள் அனைத்தும் 1985 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, எனவே இறக்குமதி செய்தவரிடம் இனப்பெயர், வந்த நாடு, பண்ணையா கடலா என்ற குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். டபிள்யூ என்றால் கடலிலிருந்து எடுத்தது, சி அல்லது எஃப் என்றால் வளர்ப்பிடத்தில் பிறந்தது. உண்மையில் இந்தத் தாளை வாங்கும்போதே கேட்டிருந்தால் மேலே உள்ள பாதித் தலைப்புகள் தேவைப்பட்டிருக்காது.

மரபணுச் சோதனை. இதுதான் செலவு கூடிய, முடிவான வழி. தொட்டி வளர்ப்புக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. வேறு நாட்டுக்குக் குடிபோகிறீர்கள், மட்டியும் கூட வர வேண்டும், ஆவணத்தில் மாக்சிமா என்றும் தொட்டியில் நோயே என்றும் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். முதலில் உங்கள் நாட்டின் சைட்டிஸ் அதிகாரியிடம் கேளுங்கள், சிங்கப்பூரில் அது தேசியப் பூங்காக் கழகம். மாதிரிக்காக மேன்டிலை நீங்களே வெட்டாதீர்கள், அதைப் பழகிய ஆய்வாளர்தான் செய்ய வேண்டும்.

மட்டி செத்துப்போனால் ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு பாதியையும் கழுவிக் காயவைத்து, வாங்கிய ரசீதோடு வையுங்கள், உயிரோடு இருந்தபோது பார்க்க முடியாத அடித்துளையும் கீலும் அப்போது தெளிவாகத் தெரியும், அடுத்த மட்டியை ஒப்பிடவும் உதவும். ஆனால் ஊருக்குப் போகும் பெட்டியில் அதை வைக்க வேண்டாம். இந்தியாவில் மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஹிப்போபஸ் மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. லட்சத்தீவிலும் அந்தமானிலும் இயற்கையாக வாழும் மட்டிகள் அவை, உங்கள் கையில் இருப்பது பண்ணையில் பிறந்ததா அங்கிருந்து எடுத்ததா என்று வெறும் ஓட்டைப் பார்த்து எந்த அதிகாரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.